ஒரு சாண் உயரக் குழாயும் ஓர் ஊருணியும்

செட்டிநாட்டுப் பேரூராட்சி ஒன்றில், நல்ல மழை பெய்த ஆண்டுகளிலும் ஊருணி நிரம்பவில்லை. அதே மழைக்குப் பஸ் நிலையத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டுக்கும் நடுவே உள்ள தெருவில் ஆண்டு முழுவதும் கழிவுநீர் தேங்கிக் கொசு பெருகியது. மூன்றுக்கும் தனித்தனியே மனு போனது; தனித்தனியே கோப்பு திறந்தார்கள்; தனித்தனியே பணம் செலவழித்தார்கள். மூன்றுக்கும் காரணம் ஒரே பிழை.

ஊரின் பெயரை எழுதவில்லை. பள்ளத்தூர்க்காரரும் இராயவரத்துக்காரரும் இதைப் படித்தால் தங்கள் தெருவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நினைப்பார்கள். அப்படி நினைத்து அவர்கள் தங்கள் வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு ஊர்களில் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதைத் தெருவின் மட்டம்தான் தீர்மானிக்கிறது. அந்த மட்டத்துக்கு இன்று பொறுப்பாளி கிடையாது. அதைப் பற்றி மன்றத்தில் தீர்மானம் வருவதில்லை, மதிப்பீட்டில் ஒரு வரி இல்லை, செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் ஒரு கட்டம் இல்லை. ஒப்பந்ததாரர் போட்டதே மட்டம்.

முன்பு இருந்த ஏற்பாடு

இது செம்புறாங்கல் பூமி. வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் விழுவதைப் பிடித்து வைத்தால்தான் கோடையைக் கடக்க முடியும். ஊரைக் கட்டியவர்கள் இதை மனத்தில் வைத்தே தெருக்களை நேர்கோடாகப் போட்டு, வீடுகளை ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீட்டினார்கள். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எனப் போகும் வீட்டின் ஓட்டுக் கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்தது போக, மிச்சம் தரைக்கடியில் உள்ள கல் வடிகால் வழியாக வாசலுக்கு வந்து, தெருவோரக் கால்வாயில் சேர்ந்து, ஊருணிக்குப் போகும். ஊருணி நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த ஊருணிக்கும், அங்கிருந்து கண்மாய்க்கும் போகும். தமிழ்நாட்டில் 2003-ல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. இந்த ஊர்களில் அதற்கு வெகு காலம் முன்பே தெருவுக்குத் தெரு அது நடந்துகொண்டிருந்தது.

ஊருணியைப் பேணும் பணத்தில் பெரும்பகுதி நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) தங்களுக்குள் குடும்பக் கணக்கில் தண்டிய புள்ளி வரியிலிருந்தும் தனிப்பட்ட தர்மத்திலிருந்தும் வந்தது. அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகப் பேசுபவர்களோடு நான் சேர மாட்டேன். குடிநீர் ஊருணியின் படித்துறையில் எல்லாச் சாதியாரும் இறங்கிவிட முடியாத காலம் அது. ஊருணியும் தெருவும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் கைக்கு வந்தது நியாயமானது, வர வேண்டியது. வந்த பிறகு அந்த மன்றம் என்ன செய்தது என்று கேட்கும் உரிமையும் அதனால்தான் நமக்குக் கிடைத்தது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. அது பெரிய விடுதலை. குடம் சுமந்த பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் தினமும் ஊருணிக்குப் போய் வந்தவர்கள்தான் அதற்குக் காவலாகவும் இருந்தார்கள். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் குப்பை அடைத்தால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். குழாய் வந்ததும் அந்தக் கண்காணிப்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக அலுவலகத்தில் வேறு எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை.

தெரு உயர்ந்தது

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களின் நிர்வாகம். வார்டு உறுப்பினர் இல்லை, மன்றக் கூட்டம் இல்லை, கேள்வி கேட்க ஓர் இடம் இல்லை. இங்கே நான் சொல்லும் தெருவில் பழைய தார்ச் சாலைமேல் சிமென்ட் சாலை போட்டது அந்தக் காலத்தில்தான். தாரைத் தோண்டி எடுக்கவில்லை. தாரும் ஏற்கெனவே பழைய கப்பிச் சாலைமேல் போடப்பட்டதுதான். மன்றம் வந்த பிறகு, அடுத்த தெருவுக்கு பேவர் பிளாக் போட்டார்கள். அதையும் பழைய தளத்தின்மேலேயே போட்டார்கள். ஆகவே தனி அலுவலர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு மன்றம் தப்ப முடியாது.

தெரு எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அலுவலகத்தில் ஆவணம் இல்லை. ஒரு வீட்டு வாசலில் இருக்கிறது. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற அந்த வீட்டுக்குக் கருங்கல் படிகள் நான்கு. இன்று முழுதாகத் தெரிபவை இரண்டு. மூன்றாவது படியின் மேல் விளிம்பு மட்டும் சிமென்ட்டுக்கு மேலே ஒரு விரற்கடை அளவு நிற்கிறது. பல தலைமுறைக் கால்கள் தேய்த்து நடுவில் பள்ளமான அந்த விளிம்பை ஒட்டித்தான் வீட்டு ஆச்சி இப்போது கோலம் போடுகிறார். நான்காவது படி மண்ணுக்குள் இருக்கிறது. முற்றத்துத் தண்ணீர் வெளியே வரும் கல் வடிகாலின் வாய் அந்த நான்காவது படிக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது அதுவும் மண்ணுக்குள்.

“முன்பெல்லாம் மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போகும், தம்பி. இப்போது தெருத் தண்ணீர் முற்றத்துக்கு வருகிறது. எதிர்வீட்டில் சிமென்ட் வைத்து வாயை அடைத்துவிட்டார்கள். நான் யாரை வைத்து அடைப்பேன்?” என்றார் ஆச்சி.

எதிர்வீட்டார் செய்ததில் தவறு சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் சாக்கடை வந்தால் யாரும் அடைக்கத்தான் செய்வார்கள். ஆனால் அப்படி ஒவ்வொரு வீடாக அடைத்ததும், கூரையிலிருந்து ஊருணி வரை ஓடிய தொடர் வீட்டு வாசலிலேயே அறுந்தது. தெருக்கால்வாய்க்கு மழைநீர் வருவது குறைந்தது. அடுப்படித் தண்ணீரும் கழிவுத் தொட்டியின் வழிதலும் மட்டும் தொடர்ந்து வந்தன.

இதைத் தடுக்க உத்தரவு இல்லாமல் இல்லை. 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, சாலையைப் புதுப்பிக்கும்போது மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தளம் போட வேண்டும், சாலை உயர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகக் கூடாது என்று துறைகளுக்கு எழுதினார். மாநிலமே பேசிய உத்தரவு. எங்கள் பேவர் பிளாக் தெரு அதற்குப் பிறகு போட்டது.

குழாய்

தெரு உயர்ந்ததால் மட்டும் ஊருணி இவ்வளவு மோசமாக வறண்டிருக்காது. கால்வாயில் வந்த கொஞ்சத் தண்ணீரும் ஊருணிக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் புரியாமல் இருந்தது. கால்வாயில் அடைப்பு என்று இரண்டு முறை தூய்மைப் பணியாளர்களை இறக்கி அள்ளினார்கள். அவர்கள் வெறும் கையால் அள்ளியதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அள்ளிய மறுவாரமே பழையபடி தேங்கியது.

விடை சொன்னவர் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர். பொறியியல் படித்தவர் இல்லை. ஊருணிக் கரையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கால்வாயின் கல் அடித்தளத்திலும், மறுமுனையைத் தெருமுனையில் சாலைக்குக் குறுக்கே புதைத்த சிமென்ட் குழாயின் வாயிலும் பிடித்தார். இரு முனையிலும் தண்ணீர் அசையாமல் நின்றதும் கரிக்கோடு போட்டுக் காட்டினார். குழாயின் அடிவாய், கால்வாய்த் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

அவ்வளவுதான் விஷயம். சாலையை உயர்த்தியபோது, அதற்குத் தக்கபடி பழைய கல் மதகை எடுத்துவிட்டுச் சிமென்ட் குழாய் போட்டிருக்கிறார்கள். குழாயைக் கால்வாய் மட்டத்துக்குப் புதைக்க ஆழமாகத் தோண்ட வேண்டும், அடியில் செம்பாறை. தோண்டாமல் வைத்துவிட்டார்கள். அதனால் ஒரு சாண் உயரம் வரை கழிவுநீர் எப்போதும் தேங்கி நின்றது, அதில்தான் கொசு. பெருமழையில் கால்வாய் நிரம்பி வழிந்தபோது, உயர்ந்த சாலையின் சரிவு வேறு பக்கம் இருந்ததால் தண்ணீர் பஸ் நிலையத்தை நோக்கி ஓடியது. ஊருணிக்கு மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

இப்போது அந்த மூன்று கோப்புகளைப் பாருங்கள். பஸ் நிலையத்தில் தண்ணீர் தேங்கியதற்குப் புதிய மழைநீர் வடிகால் கட்டினார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள். ஊருணி வறண்டதற்கு அதைத் தூர்வாரி, சுற்றுச்சுவர் எழுப்பி, நடைபாதை போட்டு, விளக்கும் பெஞ்சும் வைத்து, கல்வெட்டுத் திறந்தார்கள். தூர்வாரியபோது அடியில் இருந்த களிமண் படிவையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள். செம்புறாங்கல் தரையில் அந்தப் படிவுதான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சுற்றுச்சுவரோ கரையைச் சுற்றி இருந்த சிறு நீர்வாய்களை மூடிவிட்டது. ஊருணிக்காகச் செலவழித்த பணமே ஊருணிக்குக் கேடு செய்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அடக்கிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அது வரிப்பணம்.

நீளம், அகலம், கனம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டின் நகலும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேட்டு வாங்கினோம். அளவுப் புத்தகத்தில் சாலையின் நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, கனம் இருக்கிறது. மூன்றையும் பெருக்கினால் பில். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்க மதிப்பீட்டில் பணமே ஒதுக்கவில்லை. வேலைக்கு முன் தெருவின் மட்டம் என்ன, வேலை முடிந்தபின் என்ன, பக்கத்து வீட்டு வாசல் எவ்வளவு உயரம், கால்வாய்த் தரை எங்கே என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. ஒப்பந்ததாரர் ஏமாற்றினார் என்று சிலர் எங்களிடம் சொன்னார்கள். அவரிடம் கேட்டதை அவர் செய்திருக்கிறார். கேட்க வேண்டியதை அலுவலகம் கேட்கவில்லை.

நில ஆவணத்திலும் இதே நிலைமை. ஊருணிக்குப் புல எண் இருக்கிறது. அதில் யாராவது குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு என்று வழக்குப் போடலாம். குளம் குட்டைகளைக் காக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக் காட்டலாம். ஆனால் வரத்துக்கால் எங்கள் ஊர்ப் படத்தில் தனியாக வரையப்படவில்லை. ‘தெரு’ என்பதற்குள் அடங்கிவிடுகிறது. தெருவோரக் கால்வாய்மேல் சிலாப் போட்டுக் கடைப்படி கட்டினாலும், குழாயை ஒரு சாண் உயர்த்தி வைத்தாலும், ஆவணப்படி ஊருணிக்கு எந்தச் சேதமும் இல்லை.

74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த 12-ஆவது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிக்கு 18 பணிகள் சொல்லப்பட்டுள்ளன. சாலையும் அதில் இருக்கிறது, நீர் வழங்கலும் இருக்கிறது, ஊர்த் திட்டமிடலும் இருக்கிறது. எங்கள் பேரூராட்சி அலுவலகம் சின்னக் கட்டடம். சாலைக் கோப்பைப் பார்ப்பவருக்கும் சுகாதாரக் கோப்பைப் பார்ப்பவருக்கும் இடையே இரண்டு மேசைகள்தான். துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு இல்லை என்ற வழக்கமான சமாதானம் இங்கே செல்லாது.

யாருக்காக இந்த அரசியல்

வார்டு அரசியல் தெரிந்தவர்களுக்கு இது ஏன் நடக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. புதுச் சாலை கண்ணுக்குத் தெரியும், வாசலில் நின்று காட்டலாம், தேர்தலில் சொல்லலாம். சுரண்டி எடுப்பதற்குச் செலவு உண்டு, பெயர் கிடையாது. கால்வாய்த் தரையை ஒரு சாண் இறக்கியதற்கு யாரும் பிளக்ஸ் வைப்பதில்லை.

செட்டிநாட்டுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. பெரிய வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு நூறு சதவீதம் ஏற்றினார்கள். இங்குள்ள வளவு வீடு அநேகமாக ஒவ்வொன்றும் அந்தப் படியில்தான் வரும். ஆகவே வீட்டு வரியில் பெருந்தொகை கேட்கப்படுபவர்களுக்கு ஊரில் ஓட்டு இல்லை. ஓட்டு உள்ளவர்களில் பலர் ஊர் ஓரத்துப் புதுக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் சாலையும் தெருவிளக்கும் வேண்டும், அது நியாயம். நடுத்தெருவின் கால்வாயைப் பற்றிப் பேச, வாடகைக்கு இருப்பவரும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரும் ஆச்சியைப் போன்ற சிலரும்தான் மிஞ்சுகிறார்கள்.

வெளியூரில் இருக்கும் பங்காளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கும்பாபிஷேகத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் தவறாமல் வருகிறீர்கள். கோயிலுக்குக் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. வரும்போது ஒரு மன்றக் கூட்டத்துக்கும் வாருங்கள். வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வாசல் மட்டத்தைப் பற்றி ஒரு கடிதம் கொடுங்கள். 2014-லிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இருக்கின்றன. தூண்களைப் படம் எடுக்க வருபவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த வீடுகளின் அடித்தளத்தில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது. பர்மாத் தேக்கு நிலைப்படிகள் கீழிருந்து இற்றுப்போகின்றன.

எது நகர்ந்தது, எது நகரவில்லை

மாவட்ட ஆட்சியரகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களுக்கு, நிதிநிலைக்கேற்ப நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்ற பதில் வந்தது. அதற்கு மேல் அவற்றால் எதுவும் நடக்கவில்லை.

நகர்த்தியவர் எங்கள் வார்டு உறுப்பினர். மகளிர் ஒதுக்கீட்டில் முதல் முறையாக வந்தவர். அவர் வந்தபோது, பின்னால் இருந்து கணவர்தான் நடத்துவார் என்று ஊரில் பேசியவர்கள் உண்டு. கொத்தனாரை மறுபடி அழைத்து அந்தக் கரிக்கோட்டைத் தன் கண்ணால் பார்த்தார். பிறகு இளநிலைப் பொறியாளரை வரவழைத்தார். பொறியாளர் இளைஞர், மறுக்கவில்லை, மட்டக் கருவியை வைத்துப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார், எழுதியும் கொடுத்தார். அந்த ஒரு பக்கக் குறிப்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்று பொருள் வைக்கப்பட்டபோது முதல் கூட்டத்தில் ஒத்திவைத்தார்கள். போட்டு முடித்த சாலையை உடைத்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்பது காரணம். அடுத்த முறை அவர், 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும் என்றே கட்டிப்போட்ட பங்கு இருப்பதைச் சுட்டிக்காட்டி, இது சாலை வேலை அன்று, மழைநீர் வேலை என்று வாதாடினார். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இருவர் ஆதரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது.

தெருமுனையை மட்டும் உடைத்தார்கள். சிமென்ட் குழாயை எடுத்துவிட்டு, பாறையைக் குடைந்து, கால்வாய்த் தரைக்குச் சமமாகப் பெட்டி வடிவ மதகு கட்டினார்கள். ஊருணியின் சுற்றுச்சுவரில் மேற்குப் பக்கத்து நீர்வாய் இரண்டைத் திறந்தார்கள். அடுத்து வந்த பருவமழையில் ஊருணிக்குத் தண்ணீர் வந்தது. நிரம்பவில்லை, படித்துறையின் கீழ்ப்படிகள் மறைந்தன. பஸ் நிலையத்தில் தேங்கியது கணிசமாகக் குறைந்தது. அதற்கென்று கட்டிய தனி வடிகால் அதற்கு முந்தைய மழையில் அவ்வளவு பயன் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நகராதவை நிறைய. தெரு இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது. ஆச்சியின் முற்றத்தில் இன்னும் தண்ணீர் ஏறுகிறது. கழிவுத் தொட்டி இணைப்புகளைக் கால்வாயிலிருந்து துண்டிக்காமல் ஊருணித் தண்ணீர் சுத்தமாகாது. அதைத் தொட எந்த உறுப்பினருக்கும் துணிவில்லை, அந்த இணைப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கழிவுநீருக்கு மாற்று வழி கொடுக்காமல் துண்டிக்கச் சொல்வதும் முறையாகாது என்பதால் இதில் நான் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை.

இதற்கிடையே ஊரைப் பெரிய அமைப்போடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று ஒரு பேச்சு. 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகள் அதோடு சேர்ந்தன. தரம் உயர்ந்தால் நிதி கூடலாம். அளவுப் புத்தகம் அங்கும் இதே அளவுப் புத்தகம்தான். ஊர் சின்னதாக இருந்ததால்தான் ஒரு வார்டு உறுப்பினரால் கொத்தனாரையும் பொறியாளரையும் ஒரே மாலையில் தெருமுனையில் நிறுத்த முடிந்தது. இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. கிராம சபை ஊராட்சிகளுக்கு மட்டும் என்று இருந்தது மாறி, 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களிலும் பகுதி சபை கூட்டுகிறார்கள். அதை ஒழுங்காகக் கூட்டி, சாலை மதிப்பீட்டை அதில் வாசித்தாலே பாதிப் பிழை பிடிபடும்.

இப்போது ஊருணிக்குக் கிழக்கே உள்ள தெருவுக்கு ஒப்பந்தப் புள்ளி கோரியிருக்கிறார்கள். மதிப்பீட்டைப் பார்த்தோம். சிமென்ட் தளம், நீளம், அகலம், கனம். சுரண்டி எடுக்கும் பணி இதிலும் இல்லை. வேலைக்கு முன்னும் பின்னும் தெரு மட்டத்தையும், கால்வாய்த் தரை மட்டத்தையும், ஒவ்வொரு வீட்டு வாசல்படி மட்டத்தையும் எடுத்து அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும்; பின்மட்டம் முன்மட்டத்தைவிட உயர்ந்தால் பில் அனுமதிக்கக் கூடாது என்று அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் கையெழுத்தோடு செயல் அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தந்தார்கள். எங்கள் வார்டு உறுப்பினர் அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறார்.